கிணற்றுக் கற்களும் எங்கள் கலெக்டரம்மாவும்

நங்கையை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கி நிற்கிறேன். ஆரத்தி எடுக்க வேண்டியவர் என் கணவரின் அக்கா. தட்டு தயாராக இருக்கிறது, ஆளைத்தான் காணோம். "எங்கடா போயிட்டா அவ?" என்று மாமனார் சத்தம் போட்டார். எல்லோரும் திரும்பிய பக்கம் நானும் திரும்பினேன். வேப்பமரத்தடியில் கொட்டிக் கிடந்த கிணற்று மண் குவியலுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் குந்தியிருந்தார். கையகலக் கல் ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கால் அதை ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடியும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எங்களைக் கவனித்து, கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்து தட்டை வாங்கினார். அவர் என் நெற்றியில் வைத்த பொட்டு நரநரவென்று இருந்தது. "கோவிச்சுக்காத அம்மிணி, நனஞ்சாத்தான் கல்லு தன்ற நெறத்தைக் காட்டும்" என்று என் காதோரம் சொன்னார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

நான் பிறந்தது அயோத்தியாப்பட்டணத்தில். அப்பா ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள், கொஞ்சம் இங்கிலீஷும் வாசிப்பேன். எங்கள் பக்கம் நாத்தனார் என்று சொல்வதை நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவே இருந்த அந்தச் சிற்றூரில் நங்கை என்று சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் உடனே பிடித்துப்போய்விட்டது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. நங்கையின் கணவர் கிணறு வெட்டும் மேஸ்திரி. எனக்கு அண்ணன் முறை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் வருத்தப்பட்டு நான் கேட்டதும் இல்லை. அண்ணனுக்குச் சுற்றுவட்டாரம் முழுக்க வேலை இருந்தது. எங்கள் சீமையில் கிணறு வெட்டுவது என்றால் மண் வெட்டுவது அல்ல. இரண்டு ஆள் ஆழத்துக்குள் பாறை வந்துவிடும். அதற்குக் கீழே உளியும் வெடிமருந்தும்தான்.

அண்ணன் வெட்டிய கிணறு ஒவ்வொன்றிலிருந்தும் நங்கைக்குக் கல் வந்தாக வேண்டும். பாறை நிறம் மாறுகிற இடத்தில் எல்லாம் ஒரு கல். அது எழுதப்படாத ஒப்பந்தம். அண்ணன் மறந்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு போடும்போதே முகம் வேறு மாதிரி இருக்கும். ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டை இறங்கும் மரப்பெட்டிகளை, மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் சொல்லிவைத்து வாங்கிவந்து, அவற்றில் கற்களை அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துணி நாடா. எத்தனை ஆள் ஆழத்தில் கிடைத்ததோ அத்தனை முடிச்சு. யார் கிணறு என்பதைத் துணியில் மையால் எழுதும் வேலை, நான் வந்த பிறகு எனக்கு வந்துசேர்ந்தது. மை ஊறிப் பரவாமல் இருக்கத் துணியைக் கஞ்சியில் தோய்த்துக் காயவைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது நான். அன்றைக்கு நங்கை என் கன்னத்தைக் கிள்ளிய வலி இரண்டு நாளைக்கு இருந்தது.

ஒரு தடவை நான் கேட்டேன், எதற்காக இதெல்லாம் என்று. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? உங்கண்ணன் தொறந்து காட்டறாரு. தொறந்ததைப் பாக்காம வாரிக் கொட்டுனா அது நாயமா?" அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒரு மாசி மாதம், பரமத்தி ரோட்டோரம் தோப்பில் ஒரு டேரா முளைத்தது. சர்க்காரில் கல் ஆராய்ச்சி செய்யும் அதிகாரி ஒருவர், சென்னைப் பட்டணத்துக்காரர், காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகச் சுத்தியலோடு காடுகாடாய்ச் சுற்றினார். ஊரில் இப்படி ஒரு அம்மாள் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். மாமனார் கட்டிலை எடுத்துப் போட்டு உட்கார வைத்தார். நங்கை முதலில் கதவுக்குப் பின்னால்தான் நின்றார். பெட்டிகளைத் திறந்து காட்டியது நான். அதிகாரி ஒரு கல்லை எடுத்தார். நாடாவையும் முடிச்சுகளையும் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இது எல்லாத்துக்கும் இடம் தெரியுமா உங்களுக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "எழுதித்தானுங்களே இருக்குது."

"நீங்க பெரிய கலெக்டர்தாம்மா!" என்று அவர் கை தட்டிச் சிரித்தார். சேகரிக்கிறவர் என்ற பொருளில் அவர் சொன்ன அந்த வார்த்தை, எங்கள் ஊரில் ஜில்லாவை ஆளும் துரைக்கு மட்டுமே உரியது. மாமனார் பதறி எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் விடிவதற்குள் ஊர் முழுக்க நங்கைக்குக் கலெக்டரம்மா என்று பெயர் ஆகிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று சலாம் போட்டார்கள். நங்கையும் சளைக்காமல் "மனு எல்லாம் அப்பறமாக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அதிகாரி தினம் வந்தார். நங்கையும் கதவை விட்டு வெளியே வந்துவிட்டார். ஒரு நாள், செம்பழுப்பு நிறத்தில் ஆறு பட்டை கொண்ட ஒரு கல்லை எடுத்து அதிகாரி சொன்ன செய்தி எங்களைத் திகைக்க வைத்தது. அது குருந்தக்கல். சாணை பிடிக்கவும், இரத்தினங்களைத் தேய்க்கவும் எங்கள் பக்கத்தில் காலங்காலமாகத் தோண்டி எடுப்பது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல் கப்பலேறிச் சீமைக்குப் போயிருக்கிறதாம். அங்கே அறிஞர்கள் உடைத்தும் உருக்கியும் பார்த்து, வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது இதுதான் என்று கண்டுகொண்டார்களாம். குருந்தம் என்ற நம்முடைய பெயரையே கொஞ்சம் வாயில் ஏறுகிற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டார்களாம்.

"அந்தக் காலத்துல சீமையில இதே பைத்தியம்தாம்மா எல்லாருக்கும்" என்றார் அதிகாரி. "கல்லு, சிப்பி, செடி, பூச்சி எதைக் கண்டாலும் சேர்க்கறது. அதுல ரொம்பப் பெரியவங்க யாருன்னு நினைக்கறீங்க? ஒரு பொம்பளை."

நங்கை சட்டென்று நிமிர்ந்தார். "பொம்பளைங்களா?"

பெரிய பிரபு வீட்டுப் பெண்மணி. சின்ன வயசிலிருந்தே சேர்க்கிற ஆசை. மாளிகை நிறையச் சிப்பிகள், பறவை முட்டைகள், கற்கள், உலர்த்திய செடிகள். தூரதேசக் கடல்களுக்குப் போய்வரும் மாலுமிகள் கரையில் இறங்கியதும் அவருக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புவார்களாம். செடிகளைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர், சிப்பிகளைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் என்று அறிஞர்களைத் தன் வீட்டிலேயே வைத்து வேலை வாங்கினாராம். உலகத்தில் பெயரில்லாமல் இருக்கும் ஒவ்வொரு சிப்பிக்கும் பெயர் வைத்து, அங்க அடையாளம் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய சங்கல்பம். சிப்பிகளைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவர்கள் பலரும் அவர் வீட்டுச் சிப்பியைப் பார்த்துத்தான் எழுதினார்களாம். கூடவே அவருக்கு ஒரு தோழி இருந்தாராம். வண்ணக் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி ஒட்டி, பூச்செடிகளை உயிரோடு இருப்பதுபோலவே செய்துவிடுவாராம்.

"அந்தத் தோழி நீதான் அம்மிணி" என்று நங்கை என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு, "அப்பறம் என்னங்க ஆச்சு? எல்லாத்துக்கும் பேரு வெச்சு முடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அதுக்குள்ள காலமாயிட்டாங்க. எல்லாம் ஏலத்துக்கு வந்துடுச்சு. வாரக்கணக்கா ஏலம் விட்டாங்களாம். ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

நங்கையின் முகம் சுருங்கியது. யாரோ சொந்தக்காரி செத்த செய்தி கேட்டதுபோல உட்கார்ந்திருந்தார். "பேரு வெக்கறதுக்குள்ள போயிட்டாளே, பாவி மக" என்றார். பிறகு, "ஏனுங்க, வாங்கிட்டுப் போனவங்க, எது எங்க கெடச்சுதுன்னு எழுதுன சீட்டையும் ஒட்டுக்காவே எடுத்துட்டுப் போனாங்களா, இல்ல பிச்சு வீசிட்டாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அதிகாரி நங்கையைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே இல்லை. மெதுவாக, "அதுதாம்மா விஷயம்" என்றார். "இங்கேருந்து கப்பலேறின குருந்தக்கல்லும் அப்படித்தான். கல்லு போச்சு. எந்தக் காட்டுல, எந்தப் பாறைக்குள்ள இருந்ததுங்கற சேதி போகல."

மறுநாள் காலையில் நங்கை பெட்டிகளை எல்லாம் களத்துமேட்டுக்குத் தூக்கிவரச் சொன்னார். அறுப்பு முடிந்து மெழுகிக் கிடந்த களம். அதிகாரியின் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக் காவிரிக்கு நான் சாம்பலால் கோடு இழுத்தேன். நாமக்கல் ரோட்டுக்குச் சுண்ணாம்பு. நாமக்கல் மலைக்கு எங்கள் அம்மிக்குழவி. பிறகு ஒவ்வொரு கிணறும் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் அந்தக் கிணற்றுக் கற்களை ஆழப்படி அடுக்கினோம். அண்ணன் நடுவில் நின்று, "அது இல்ல, இன்னும் மேக்கால தள்ளு, பனைமரத்துக்கு அந்தப்பக்கம்" என்று விரட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தங்கள் கிணற்றைத் தேடிப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். "என்ற கெணறு இங்க எங்கீங்க?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

உச்சிவெயில் ஏறும்போது அடுக்கி முடித்தோம். அதிகாரி பக்கத்திலிருந்த வைக்கோல்போர்மேல் ஏறினார். ஏறியவர், "அம்மா, சீக்கிரம் இங்க வாங்க!" என்று கத்தினார். நங்கை சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே நான். மேலேயிருந்து பார்த்தேன். சாம்பலும் சுண்ணாம்பும் கறுப்பும் பழுப்புமாகச் சிதறிக் கிடந்த களத்தின் நடுவே, வெள்ளைக் கற்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பெரிய அரிவாளை நீட்டி வைத்ததுபோல வளைந்து போயின. எங்கள் காலடியில் மண்ணுக்குள்ளே யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாறை. குருந்தக்கல் கிடைத்த கிணறுகள் எல்லாம் அந்த வெள்ளையை ஒட்டியே இருந்தன.

"நான் மாசக்கணக்கா மேலே நடந்து தேடினது இதைத்தாம்மா" என்றார் அதிகாரி. "மண்ணு மூடின இடத்துல எனக்குக் கண்ணு கிடையாது. உங்க பெட்டிக்குள்ள இருந்திருக்கு."

நங்கை அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் விரல் ஓர் இடத்தைக் காட்டியது. அரிவாளின் நடுவே ஒரு வெட்டு. அங்கே கல்லே இல்லை, கிணறு இல்லாத இடம். எங்கள் மேட்டுக்காடு.

அதிகாரி கற்களைச் சென்னைக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார். நங்கை ஒரே வார்த்தையில் சொன்னார்: "பாதி." அன்றும் அடுத்த நாளும் களம் முழுக்கச் சுத்தியல் சத்தம். ஒவ்வொரு கல்லும் இரண்டாக உடைந்தது. ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி எங்களுக்கு. இரண்டுக்கும் நாடா கட்டி, அவருடைய பாதிக்கு நான் இங்கிலீஷிலும் எழுதினேன். புறப்படும்போது, அறிக்கையில் நங்கையின் பெயரை எப்படி எழுதட்டும் என்று அதிகாரி கேட்டார். பெண்பிள்ளை பெயர் அச்சில் வருவதாவது என்று மாமனார் முனகினார். நங்கை சிரித்துவிட்டார். "எனக்குத்தான் எங்கப்பன் அன்னைக்கே பேரு வெச்சுட்டாரே. பேரில்லாம கெடக்கறது கல்லுதானுங்க. அதுக்கு வெய்யுங்க. கெணத்துக்காரங்க பேரை மட்டும் உட்டுறாதீங்க."

அதிகாரி விடவில்லை. பல வருஷங்கள் கழித்து, சென்னையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கற்களை நானே பார்த்தேன். துணி நாடா இல்லை, அட்டைச் சீட்டு. ஆனால் ஊர்ப்பெயரும் கிணற்றுக்காரர் பெயரும் ஆழமும் அப்படியே இருந்தன. எங்கள் பாதி சேலத்தில் ஒரு கல்லூரிக்குப் போயிற்று. இன்று எங்கள் ஊரில் ரிக் வண்டி வந்து ஒரு பொழுதுக்குள் ஆயிரம் அடி துளைத்துவிடுகிறது. வருவதெல்லாம் தூள். எந்த ஆழத்தில் என்ன பாறை என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டுதான். ஆனால் நங்கையை நினைத்தால் வருத்தத்தோடு என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. மேட்டுக்காட்டுக் கிணறு வெட்டிய நாள்கள்தான் உடனே ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன.

அதிகாரி போன மறு வருஷம் மழை பொய்த்தது. எங்கள் பழைய கிணறு சேறாகிவிட்டது. மாடுகளைப் புதுச்சத்திரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டிவிட்டோம். மேட்டுக்காட்டில் புதுக் கிணறு வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். காட்டின் நடுவே தேங்காய் எழுந்து நின்றது. மாமனார் அங்கேயே முளை அடித்தார். நங்கை போய் அந்த முளையைப் பிடுங்கினார்.

"நடுக்காட்டுல அடியில வெள்ளப்பாறைங்கப்பா, களத்துல பாத்த அருவா வளைவு இது வழியாத்தான் போகணும். உளி எறங்காது, சொட்டுத் தண்ணி வராது. கெழக்கு வரப்போரமா வெட்டலாம். அங்கதான் வெள்ளையும் கருப்பும் சேரணும். கல்லும் கல்லும் சேர்ற சந்துலதான் ஊத்து இருக்கும்னு இவரு சொல்லிச் சொல்லித்தானே எனக்குத் தெரியும்!"

"நீ பாத்தியா அடியில?" என்றார் மாமனார்.

"பாக்கலீங்க. ஆனாத் தெரியும்."

அண்ணன் இருபது வருஷமாகச் சம்பாதித்த நல்ல பெயர் போய்விடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கலெக்டரு உத்தரவு போட்டாச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். நங்கை தன் அப்பாவைப் பார்த்துச் சொன்ன சொல்லைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணி வரலீன்னா, என்ற கல்லு அத்தனையும் அந்தக் குழியிலயே போட்டு மூடிப்புடுங்க."

கிழக்கு வரப்போரம் வெட்டத் தொடங்கினார்கள். செம்மண், பிறகு சுக்கான்கல், பிறகு கரும்பாறை. கரும்பாறைக்குக் கீழேயும் கரும்பாறை. கூடை மேலே வரும்போதெல்லாம் நங்கை பாய்ந்து கிளறிப் பார்ப்பார். கறுப்பு. தினமும் கறுப்பு. மாமனார் சாயங்காலம் வந்து குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நங்கைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை. அவர் கணக்குத் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பதைவிட, தப்பாக இருந்தால் அவர் எப்படி இருப்பார் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒரு நாள் மாலை வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. திரி அணைந்ததா, உள்ளே புகைகிறதா என்று தெரியாது. அண்ணன் யாரையும் இறங்கவிடவில்லை. வெடித்த பக்கத்துப் பாறை பிளந்து கிடப்பது மங்கலாகத் தெரிந்தது. நங்கை கிணற்று விளிம்பில் தவித்தார். நான் அவர் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்வரை விடவே இல்லை.

விடிந்ததும் அண்ணன் இறங்கி, வெடிக்காத குழியில் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துத் தோண்டி எடுத்தார். "எறங்கலாம்" என்று குரல் கொடுத்ததுதான் தாமதம், நங்கை கயிற்றைப் பற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுகிற சத்தம். பிறகு வேறு ஒரு சத்தம், பானை கவிழ்ந்ததுபோல.

"தண்ணி!" என்று அண்ணன் கூவினார். மேலே நின்றவர்கள் எல்லோரும் "தண்ணி! தண்ணி!" என்று குதித்தார்கள். என் கணவர் வரப்பில் ஓடி ஊரைப் பார்த்துத் துண்டை வீசினார். மாமனார் மண்ணில் விழுந்து கும்பிட்டார். இத்தனைக்கும் நடுவே உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வேறு ஏதோ கத்திக்கொண்டிருந்தது.

"வெள்ள! அம்மிணி, வெள்ள!"

"என்னம்மா சொல்றா அவ?" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வெள்ளைக்கல்லு வந்துடுச்சாம் மாமா."

"அது கெடக்குது. தண்ணி எம்புட்டுன்னு கேளு."

குனிந்து கேட்டேன். முழங்கால் தண்ணீரில் நனைந்து நின்றிருந்த நங்கை அண்ணாந்து பார்த்தார். "அத ஆரு பாத்தா? நீ எறங்கி வா, அம்மிணி. வந்து பாரு!"

அதுவரை நான் எந்தக் கிணற்றிலும் இறங்கியதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். கீழே போனதும் நங்கை என் இரண்டு கைகளையும் பற்றி, ஒன்றைச் சுவர் வெடிப்புக்கு ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் வைத்தார். ஒரு பக்கம் கரி போன்ற கறுப்பு. மறுபக்கம் உப்பு போன்ற வெள்ளை. இரண்டும் சேரும் வெடிப்பிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பீறிட்டு எங்கள் முகத்தில் அடித்தது. நாங்கள் இருவரும் அண்ணாந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி மேலே ஏறியது.